எஞ்சினை எடுத்துவிட்டால் சட்டம் என்ன சொல்லும்?

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எரிக்கப்படும் பெட்ரோல் முழுவதும் கடல் கடந்து வருகிறது. சென்னைக்கும் இத்தீவுகளின் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 1,190 கி.மீ. கடல் உள்ளது. பயணிகள் கப்பல் அதனைக் கடப்பதற்கு இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். வங்கக் கடலில் புயல் எழுந்தால் கப்பல் தாமதிக்கும். அரிசி முதல் எரிபொருள் வரை எல்லாம் காத்திருக்க நேரிடும். தீவில் செல்ல வேண்டிய தொலைவுகளோ சிறியவை. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேயர் என்று வழங்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சிடியா தாபு கடற்கரை ஏறத்தாழ 25 கி.மீ.; வண்டூர் ஏறத்தாழ 30 கி.மீ. ஒருமுறை மின்னேற்றினால் 80 கி.மீ. ஓடும் மகிழுந்து இருந்தால் இவ்விடங்களுக்குச் சென்று திரும்பிவிடலாம். ஆகவே, வீட்டில் நிற்கும் பழைய பெட்ரோல் மகிழுந்தையே மின்சாரத்தில் ஓடச் செய்தால் என்ன என்னும் எண்ணம் ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு.

தொழில்நுட்ப நோக்கில் இது இயலாத செயல் அன்று. எஞ்சின், எரிபொருள் தொட்டி, புகைபோக்கி ஆகியவற்றை அகற்ற வேண்டும். எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டாரைப் பொருத்த வேண்டும். இருக்கைக்கு அடியிலோ பின்புறப் பெட்டியிலோ மின்கல அடுக்கை வைக்க வேண்டும். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை முறைப்படுத்தும் மின்னணுக் கருவி ஒன்றும் வேண்டும். தேர்ந்த மெக்கானிக் ஒருவரும் மின்பணியாளர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு பட்டறையிலேயே இதனைச் செய்து முடிக்கக்கூடும். ஆனால், அவ்வாறு செய்து முடித்த வண்டியைப் பட்டறை வாயிலைத் தாண்டிப் பொதுச்சாலையில் ஓட்டினால் அது குற்றமாகும்.

இதன் காரணத்தை அறிய, வாகனத்தின் பதிவுச் சான்றைப் பார்க்க வேண்டும். மக்கள் இதனை 'ஆர்.சி. புத்தகம்' என்பர். இப்போது அது ஓர் அட்டையாகச் சுருங்கிவிட்டபோதிலும் பெயர் மட்டும் மாறவில்லை. அதில் உரிமையாளரின் பெயரோடு அடிச்சட்ட எண், எஞ்சின் எண், எரிபொருளின் வகை, வெற்று வண்டியின் எடை, இருக்கைகளின் எண்ணிக்கை முதலியன குறிக்கப்பட்டிருக்கும். சாலையில் வாகனத்தை நிறுத்திச் சோதிக்கும் காவலர், விபத்துக்குப் பின் இழப்பீடு வழங்கும் காப்பீட்டு நிறுவனம், பழைய வண்டியை விலைக்கு வாங்குபவர் ஆகிய அனைவரும் நம்புவது இச்சான்றையே. திருடுபோன வாகனத்தைக் கண்டறிய உதவுவனவும் இவ்வெண்களே. எஞ்சினை அகற்றிவிட்டால் எஞ்சின் எண்ணும் அதனுடன் போய்விடுகிறது. எரிபொருள் என்னும் இடத்தில் உள்ள 'பெட்ரோல்' என்ற சொல் பொய்யாகிறது. எடையும் மாறிவிடுகிறது. சான்று ஒன்றைக் கூற, வண்டி வேறொன்றாக நிற்கிறது.

இந்த முரண்பாட்டைத்தான் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. வாகனத்தை உருவாக்கிய நிறுவனம் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றலாகாது என்பது அதன் கருத்து. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை எதிர்த்து எழுந்த மேல்முறையீட்டில், 2019ஆம் ஆண்டு சனவரி மாதம் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் பொருளை உறுதியாக எடுத்துரைத்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டபோது தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. விதிகளுக்கு மாறாகத் தம் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறைத்தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியைச் சொந்த விருப்பப்படி மாற்றக் கூடாதா எனச் சிலர் வினவக்கூடும். வண்டி ஒருவருடையது, சாலையோ எல்லாருடையது. எஞ்சினை எடுக்கும்போது உடன் போய்விடும் சில செயல்களை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் தேவை விளங்கும்.

பெரும்பாலான பெட்ரோல் மகிழுந்துகளில் பிரேக் மிதியை ஓட்டுநர் மென்மையாக அழுத்தினாலே வண்டி நின்றுவிடும். அவரது காலின் வலிமை மட்டும் வண்டியை நிறுத்துவதில்லை. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம், குழாய் ஒன்றின் வழியாகப் பிரேக்கின் துணைக்கருவியை அடைந்து, ஓட்டுநரின் அழுத்தத்தைப் பலமடங்காக்குகிறது. எஞ்சினை எடுத்துவிட்டால் இந்த வெற்றிடம் இராது. மிதியை முழு வலிமையுடன் மிதித்தாலும் வண்டி உடனே நிற்காது. எனவே, வெற்றிடத்தை உண்டாக்கும் தனி மின்பம்பு ஒன்றைப் பொருத்த வேண்டும். இதனை மறந்த வண்டி சமதளத்தில் மெல்ல ஓடும்போது குறை எதுவும் வெளியே தெரியாது. மலைச்சரிவில் இறங்கும்போதுதான் தெரியும். அப்போது எதிரே வருபவர் பள்ளிச் சிறுவராகவும் இருக்கலாம்.

எடையும் அத்தகையதே. சிறிய மகிழுந்துக்கான மின்கல அடுக்கே 100 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். அதனைப் பின்புறத்தில் வைத்தால், முன்புறம் எஞ்சினைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்ட வண்டியின் சமநிலை மாறும், விற்சுருள்கள் தாழும், வளைவுகளில் வண்டி வேறுவிதமாகச் சாயும். மேலும், பழைய வண்டியின் மின்கம்பிகளில் ஓடியது 12 வோல்ட் மின்னழுத்தம் மட்டுமே. மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தம் அதனைப்போல் பல மடங்கு. கடற்காற்றின் உப்பும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. பெய்யும் மழையும் உள்ள தீவில் அதன் இணைப்புகள் துருப்பிடிக்காமலும் நனையாமலும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது தீ. மின்கலத்தில் பற்றும் தீ எளிதில் அணைவதில்லை. அதிலிருந்து எழும் புகை நச்சுத்தன்மை உடையது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் பள்ளி மாணவியான மகளும் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அது மாற்றியமைக்கப்பட்ட வண்டியும் அன்று; புதிதாக வாங்கிய வண்டி. அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் இத்தகைய தீ விபத்துகள் நிகழ்ந்தமையால், மின்கலங்களுக்கான பாதுகாப்புச் சோதனைகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன. நிறுவனம் செய்த வண்டிக்கே இவ்வளவு சோதனை என்றால், பட்டறையில் மாற்றிய வண்டிக்குச் சோதனையே வேண்டாம் என எவரும் கூற இயலாது. வீட்டுச் சமையலுக்கான எரிவாயு உருளையை வேன்களில் மறைவாகப் பொருத்தி ஓட்டிய பழக்கம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்தது. சிக்கனம் கருதிச் செய்த அச்செயலின் ஆபத்தைப் பெரியவர்கள் பலர் அறிவர்.

எனினும், சட்டம் இக்கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. டெல்லியில் காற்று மாசு மிகுந்தமையால், நகரப் பேருந்துகள் அனைத்தையும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும் என 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எரிபொருளை மாற்றுவது தீமையன்று, முறையின்றி மாற்றுவதே தீமை என்பது அக்காலத்தில் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 52ஆம் பிரிவில் விதிவிலக்கு ஒன்று இடம்பெற்றது. மின்கலம், இயற்கை எரிவாயு, சூரிய ஆற்றல் போன்றவற்றால் வண்டி இயங்கும்படி 'கிட்' எனப்படும் மாற்றுக் கருவித்தொகுப்பைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால், அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே பொருத்த வேண்டும் என்பது அவ்விதிவிலக்கு. மின்கலம் என்ற சொல் 2000ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. முழு மின்வாகனமாக மாற்றுவதற்கான நிபந்தனைகளோ 2016ஆம் ஆண்டில்தான் விதிகளாக வந்தன. அனுமதி உண்டு, வழி இல்லை என்ற நிலை 16 ஆண்டுகள் நீடித்தது என்பது வியப்புக்குரியது. இயற்கை எரிவாயுவுக்கு மாறிய வண்டிகள் அதற்குள் இலட்சக்கணக்கில் ஓடத் தொடங்கிவிட்டன.

2016ஆம் ஆண்டு விதிகளின்படி, 1990 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ உருவாக்கப்பட்ட வண்டியே முழு மின்வாகனமாக மாற்றத்தக்கது. ஆபத்தான பொருள்களை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்ற வண்டியை மாற்றுதல் கூடாது. பொருத்தப்படும் கருவித்தொகுப்பு அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் சோதிக்கப்பட்டு, வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். 123 என்னும் தரநிலை இதற்கென வகுக்கப்பட்டது. பிரேக், மோட்டாரின் திறன், மின்கலத்தின் பாதுகாப்பு முதலிய பலவும் சோதனைக்கு உட்படும். அத்தொகுப்பைப் பொருத்துபவரும் அதனை உருவாக்கிய நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருத்தல் வேண்டும்.

சோதனையில் அளக்கப்படுவனவற்றுள் ஒருமுறை மின்னேற்றினால் வண்டி ஓடும் தொலைவும் ஒன்று. இது வெறும் விற்பனைக் கணக்கு அன்று. அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காட்டாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை உள்ள பகுதி ஜாரவா பழங்குடியினரின் காப்பிடமாகும். அங்கு வாகனங்கள் குறித்த நேரத்தில், காவலுடன், அணியாகவே செல்ல வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது. 80 கி.மீ. ஓடும் எனச் சொல்லப்பட்ட வண்டி அவ்வழியில் பாதித் தொலைவில் நின்றுவிட்டால், அது வேறொரு சட்டத்தையும் மீறியதாகிவிடும்.

இனித் தீவில் வாழ்பவரின் நிலையைப் பார்க்கலாம். ஸ்ரீ விஜயபுரத்தில் பட்டறை நடத்தும் மெக்கானிக் ஒருவர், மோட்டாரும் மின்கலமும் வரவழைத்து, பிரேக்கிற்கு மின்பம்பும் வைத்து, குறைவின்றி ஒரு வண்டியை மாற்றியமைத்துவிட்டார் எனக் கொள்வோம். அவரது வேலை ஒப்புதல் பெற்ற தொகுப்பைவிடச் சிறந்ததாகவே இருக்கட்டும். அப்போதும் அது செல்லாது. ஏனெனில், இந்திய விதிகள் ஒரு மனிதரின் கைவண்ணத்தைச் சோதிப்பதில்லை; ஒரு நிறுவனம் பலவாகச் செய்து விற்கும் தொகுப்பையே சோதிக்கின்றன. எந்த வகை வண்டிக்கென ஒப்புதல் பெறப்பட்டதோ அந்த வகைக்கே அது பொருந்தும். சோதனைக்கு ஆகும் செலவை நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குப் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் நிறுவனங்கள் நாட்டில் மிகுதியாக விற்ற மகிழுந்துகளையே தேர்ந்தெடுக்கின்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஈ-டிரையோ என்னும் நிறுவனம், மகிழுந்துகளை மாற்றும் தொகுப்புக்குத் தொடக்கத்திலேயே ஒப்புதல் பெற்றவற்றுள் ஒன்று. அது எடுத்துக்கொண்ட வண்டிகள் ஆல்டோ, வேகன்-ஆர் போன்ற பரவலான வகைகளே. அரிய பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இவ்வழி ஏறக்குறைய மூடியதே.

சோதனை நிலையங்கள் அனைத்தும் தீவினர் 'மெயின்லேண்ட்' என்று அழைக்கும் பெருநிலத்தில் உள்ளன. புனேயில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் அவற்றுள் புகழ்பெற்றது. அரியானா மாநிலத்தின் மானேசரில் ஒன்றும், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒன்றும் உள்ளன. ஒரகடமே தீவுக்கு அண்மையது. அதற்கும் கடலைக் கடக்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற தொகுப்பை வாங்குபவர் தம் வண்டியைச் சோதனை நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அங்கீகாரம் பெற்ற பொருத்துநர் அருகில் இல்லையெனில், வண்டியைச் சரக்குக் கப்பலில் சென்னைக்கு அனுப்பி, மாற்றிய பின் மீண்டும் கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கும். தொகுப்பின் விலையே சில இலட்சம் ரூபாய். அதனோடு இரு கடற்பயணச் செலவையும் கூட்டினால், பழைய வண்டியின் மதிப்பை அது தாண்டிவிடக்கூடும்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. பிரான்சில் 2020ஆம் ஆண்டுக்கு முன், வண்டியை முதலில் உருவாக்கிய நிறுவனத்தின் இசைவின்றி இத்தகைய மாற்றத்தைச் செய்வது ஏறத்தாழ இயலாததாக இருந்தது. தம் பழைய வண்டி புதுவாழ்வு பெறுவதைப் புதிய வண்டி விற்கும் நிறுவனம் விரும்புமா என்பதை எளிதில் ஊகிக்கலாம். 2020இல் பிரெஞ்சு அரசு விதியை மாற்றி, 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகிழுந்துகளை அவ்விசைவின்றியே மாற்ற வழிசெய்தது. அங்கும் ஒப்புதல் தொகுப்புக்கே உரியது. ஜெர்மனியிலோ, மாற்றப்பட்ட ஒரே ஒரு வண்டியையும் தகுதி பெற்ற பரிசோதகர் தனியே சோதித்து ஒப்புதல் வழங்கும் முறை உண்டு. கடலால் பிரிக்கப்பட்ட சிறு தீவுகளுக்கு இந்த முறையே ஏற்றதாகத் தோன்றுகிறது. ஆனால், அதற்குத் தேர்ந்த பரிசோதகர்களும் கருவிகளும் தீவிலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவு முயற்சியால் தீவுக்குக் கிடைக்கும் பயன் என்ன என்பதும் எண்ணத்தக்கது. அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளிலிருந்து வருகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். கம்பிகளிலும் மின்னேற்றத்திலும் ஏற்படும் இழப்பு போக எஞ்சுவது ஏறத்தாழ 3 யூனிட். அதனைக் கொண்டு சிறிய மின்மகிழுந்து 20 கி.மீ. அல்லது சற்றுக் கூடுதலாக ஓடும். நல்ல நிலையில் உள்ள சிறிய பெட்ரோல் மகிழுந்தும் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ அவ்வளவே ஓடும். நகரின் நடுவே புகை குறையும் என்பது உண்மை; கப்பலில் வரும் எரிபொருள் பெரிதாகக் குறைந்துவிடாது. சூரிய மின்சாரம் பெருகும்போதுதான் கணக்கு மாறும். அதற்கான தொடக்கம் ஏற்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் என்.எல்.சி. நிறுவனமே தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலச் சேமிப்புடன் அமைத்துள்ளது. வடக்கு அந்தமானில் டிக்லிபூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும் உள்ளது. பகலில் சூரிய ஒளி மிகுந்திருக்கும்போது மின்னேற்றப்படும் வண்டியே உண்மையில் கப்பலை நம்பாத வண்டியாகும்.

அனைத்துத் தடைகளையும் கடந்து, ஒப்புதல் பெற்ற தொகுப்பைப் பொருத்திக்கொண்ட ஒருவருக்கு எஞ்சியிருப்பது அலுவலகப் பணி. வண்டி சென்னையில் மாற்றப்பட்டாலும், அது 'ஏ.என்.' என்னும் எழுத்துகளுடன் அந்தமானில் பதிவானது என்றால், மாற்றத்தைச் சான்றில் ஏற்றும் பொறுப்பு அந்தமானின் பதிவு அலுவலகத்திற்கே உரியது. தொகுப்பின் ஒப்புதல் சான்று, பொருத்துநரின் சான்று, பழைய பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றுடன் அங்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் வண்டியை நேரில் பார்த்து, அடிச்சட்ட எண்ணை ஒப்பிட்டு, எஞ்சின் எண்ணுக்குப் பதிலாக மோட்டாரின் எண்ணைக் குறிப்பார். காப்பீட்டு நிறுவனத்திற்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும். அவ்வாறு மறுக்கப்பட்டால் துன்புறுபவர் உரிமையாளர் மட்டுமல்லர். அடிபட்டவரின் குடும்பமும் நீதிமன்றப் படியேற நேரிடும்.

இதன்பின் சில சலுகைகளும் உண்டு. மின்வாகனங்களுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணம் 2021ஆம் ஆண்டு முதல் விலக்கப்பட்டுள்ளது. வாடகை வண்டி ஓட்டுபவர்க்கு மற்றொரு நன்மையும் உள்ளது: மின்கலத்தால் ஓடும் வாடகை வாகனங்களுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்தது. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்ட பின், அவற்றை மின்வாகனமாக மாற்றி ஓட்டலாம் என 2021ஆம் ஆண்டு டெல்லி அரசு இசைந்தது. தடை செய்யப்பட்ட வண்டிக்கு அங்கு இம்மாற்றமே மறுவாழ்வாயிற்று.

இறுதியாக எண்தகடு மாறும். சொந்த வண்டியாயின் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்துகள். வாடகை வண்டியாயின் பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்துகள். பதிவுச் சான்றில் எரிபொருள் என்னும் இடத்தில் 'பெட்ரோல்' நீங்கி 'மின்சாரம்' எனப் பொருள்படும் சொல் இடம்பெறும். முதற்பதிவு நாள் மட்டும் மாறுவதில்லை. 12 ஆண்டுகளுக்கு முன் பதிவான வண்டி, புதிய மோட்டாருடன் ஓடினாலும், 15 ஆண்டு முடிவில் தகுதிச் சோதனைக்கு மீண்டும் அதே அலுவலகத்தின் வாயிலுக்கு வந்தாக வேண்டும்.